கதவு மூடினால்தான் நீதியா?

“தூக்கி எறியுங்கள் அவனை! சீட்டைக் கிழியுங்கள்! ஒருவனை வீட்டுக்கு அனுப்பினால் ஒன்பது பேர் ஒழுங்காக வேலை பார்ப்பார்கள்!”

அரசு ஊழியர்களைப் பற்றிப் பேச்செடுத்த மாத்திரத்தில் எழும் குரல் இது. தேநீர்க் கடையிலே எழுகிறது; பேருந்து நிறுத்தத்திலே எழுகிறது; அமைச்சர்கள் ஏறி நிற்கும் மேடையிலே இன்னும் உரக்க எழுகிறது. இக்குரலை எழுப்பும் ஏழையை நாம் ஏளனம் செய்யமாட்டோம். பட்டா மாறுதலுக்காகப் பத்து முறை படியேறியவன் அவன். முதியோர் உதவித்தொகைக்காகக் கிழத் தாயைக் கைத்தாங்கலாக அழைத்துச் சென்று, “நாளைக்கு வா” என்ற சொல்லை வாங்கி வந்தவன் அவன். அவனுடைய வயிற்றெரிச்சலில் நியாயம் இருக்கிறது. கடமை தவறும் ஊழியனுக்குத் தண்டனை உண்டு, உண்டாக வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை.

ஆனால், தோழர்களே, எறிவது யார்? எறியப்படுபவன் யார்? எறிவதற்கு முன்னர் எண்ணிப் பார்த்தது யார்? இம்மூன்று கேள்விகளையும் கேளாது கைதட்டுவது பகுத்தறிவாளர்க்கு அழகாகுமா?

இக்கேள்விகளைத் திருத்தங்கல்லில் நின்று கேட்போம். காரணம் உண்டு.

சிவகாசியின் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர் திருத்தங்கல். 2021இல் சிவகாசி மாநகராட்சி உருவானபோது அதனுள் அடங்கிய ஊர். சுற்றிலும் பட்டாசு ஆலைகள், தீப்பெட்டி ஆலைகள், அச்சகங்கள். இந்த மண்ணிலே அரசு ஊழியனின் கையெழுத்து வெறும் மையன்று, உயிர். எத்தனை கிலோ மருந்து வைக்கலாம், ஓர் அறைக்குள் எத்தனை பேர் அமரலாம், அறைக்கும் அறைக்கும் எவ்வளவு இடைவெளி என்றெல்லாம் விதி இருக்கிறது. சிற்றாலைக்கு மாவட்ட வருவாய் அலுவலர் உரிமம்; அதற்கு மேல் சென்னை உரிமம்; அதற்கும் மேல் நாக்பூர் உரிமம். இவற்றோடு தொழிலகப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு வேறு. ஏடுகளில் பார்த்தால் எறும்பு நுழைய இடமில்லை. ஆனால் 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் என்ன நடந்தது? ஏறத்தாழ 40 உயிர்கள் கருகின. மாண்டவர்களிலே வேலைக்குப் போனவர்கள் மட்டுமா இருந்தனர்? தீயைக் கண்டு உதவிக்கு ஓடிய ஊர் மக்களும் இருந்தனர். 2021 பிப்ரவரி 12ஆம் நாள் அச்சங்குளத்தில் என்ன நடந்தது? இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. உள்குத்தகை என்றனர்; அளவுக்கு மீறிய ஆட்கள் என்றனர்; விதிமீறல் என்றனர். விதி மீறப்பட்டதென்றால், மீறலைப் பார்க்க வேண்டிய கண்கள் எங்கே போயின?

எந்த விபத்தில் எந்த அலுவலர் குற்றவாளி என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. அது விசாரணையின் வேலை. நாம் கேட்பது, அந்த விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்பதே. ஏனெனில் இங்கே ஒழுங்கு நடவடிக்கை சோம்பிக் கிடந்தாலும் உயிர் போகும். குறி தவறிப் பாய்ந்தாலும் உயிர் போகும். தவறு செய்யாதவன் தண்டிக்கப்படும்போது தவறு செய்தவன் தன் நாற்காலியிலே நிம்மதியாக அமர்ந்திருக்கிறான். அவனுடைய அடுத்த கையெழுத்துக்கு மையும் தயாராக இருக்கிறது.

இவ்வூருக்கு ஒரு பழங்கதையும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் தங்கால் என்றோர் ஊர் வருகிறது. அது இத்திருத்தங்கல்லே என்பர். சேரனிடம் பரிசு பெற்றுத் திரும்பிய பராசரன் என்னும் பார்ப்பனன், தங்காலில் ஒரு சிறுவனுக்கு அணிகலன்களைத் தருகிறான். சிறுவனின் தந்தை வார்த்திகன். நேற்று வரை வறுமையில் கிடந்த வீட்டில் இன்று பொன் மின்னுகிறதே என்று அரசனின் ஏவலர் பொறாமை கொள்கின்றனர். அரசனுக்குரிய புதையலைக் கவர்ந்தவன் என்று கூறி வார்த்திகனைச் சிறையில் தள்ளுகின்றனர். பொருள் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்களா? இல்லை. கொடுத்தவன் யார் என்று தேடினார்களா? இல்லை. ஐயம் எழுந்தது, ஆள் உள்ளே போனான்! அவன் மனைவி மண்ணில் புரண்டு அழுதாள். கொற்றவை கோயிலின் கதவு திறக்க மறுத்தது என்கிறது காப்பியம். அதன் பின்னரே பாண்டியன் விழித்தான், விசாரித்தான், தன் ஆட்சி தவறியதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டான், தங்காலையும் வயலூரையும் வார்த்திகனுக்கு வழங்கினான். கதவும் திறந்ததாம்!

இளைஞர்களே, இக்கதையைப் பக்தர்கள் படிப்பதுபோல் நாம் படிக்க வேண்டியதில்லை. அரசன் பிழையை ஒப்புக்கொண்டான் என்பது சிறப்பு, அதைப் போற்றுவோம். ஆனால் கேட்போம்: கோயில் கதவு மூடிக்கொள்ளாதிருந்தால் வார்த்திகனின் கதி என்ன? அதே பாண்டிய நாட்டில், அதே காப்பியத்தில், கோவலன் என்னும் வணிகன் மீதும் களவுப் பழி விழுந்ததே! பொற்கொல்லன் சொன்ன ஒரு சொல்லை நம்பி, ஒரு கேள்வியும் கேளாது, வெட்டிச் சாய்த்தனரே! அவனுக்காக எந்தக் கோயிலின் எந்தக் கதவு மூடிற்று? மறையோதும் குடும்பத்தவனுக்காகக் கதவு அடைத்துக்கொண்ட தெய்வம், வணிகனுக்காகத் தாழ்ப்பாளையேனும் அசைத்ததா? கண்ணகி என்னும் பெண் கையில் சிலம்போடு அவைக்களம் ஏற வேண்டியிருந்தது. அதற்குள் அவள் கணவன் பிணமாகியிருந்தான். இன்னொன்றையும் கவனியுங்கள். பொய்க் குற்றம் சுமத்திய அந்த ஏவலர்கள் என்ன ஆனார்கள்? காப்பியம் அவர்களை அத்தோடு மறந்துவிடுகிறது. நம் அலுவலகங்களும் அந்த மரபை மட்டும் இன்றுவரை மறவாமல் காத்துவருகின்றன!

ஆளைப் பார்த்து அளவை மாற்றும் பழக்கம் எங்கிருந்து வந்தது? மனுவின் ஏட்டைப் புரட்டுங்கள். எட்டாம் அத்தியாயம் தெளிவாகவே பேசுகிறது. பார்ப்பனனை ஏசிய சத்திரியனுக்கு 100 பணம் அபராதம். வைசியனுக்கு 150 அல்லது 200. சூத்திரனுக்கோ உடலில் தண்டனை. திருப்பிப் பாருங்கள்: பார்ப்பனன் சத்திரியனை ஏசினால் 50, வைசியனை ஏசினால் 25, சூத்திரனை ஏசினால் 12! ஒரே வாய், ஒரே வசை. தண்டனை மட்டும் படிக்குப் படி மாறுகிறது. அரசியல் சட்டம் வந்துவிட்டது, மனு போய்விட்டான் என்று மகிழ்கிறோம். மனு கோப்பிலிருந்து போனான், நாற்காலியிலிருந்து போனானா? கடைநிலை ஊழியன் பத்து நிமிடம் பிந்தி வந்தால் விளக்கம் கேட்கும் குறிப்பாணை; மேலதிகாரி பத்து நாள் வராவிட்டால் அது ‘முகாம்’! தூய்மைப் பணியாளர் எதிர்த்துப் பேசினால் ஒழுங்கீனம். மேலதிகாரி ஏசினால் அது ‘நிர்வாகத் திறமை’! இது மனுவின் அளவுகோல் அன்றி வேறென்ன?

“விசாரணை, விளக்கம், மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டிருந்தால் நிர்வாகம் எப்படி நடக்கும்? வாளை வீசினால் அல்லவா அச்சம் பிறக்கும்?” என்று கேட்போர் உண்டு. வாளை வீசியும் பார்த்தாயிற்று. கதையைக் கேளுங்கள்.

2003 ஜூலை 2. ஓய்வூதியச் சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்துத் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தம் தொடங்கினர். ஜூலை 4இல் அவசரச் சட்டம் பிறந்தது. விசாரணை வேண்டாம், விளக்கம் வேண்டாம். ஒரு வீச்சில் ஏறத்தாழ 1,70,000 பேர் வேலை இழந்தனர். உலகிலே எந்த அதிகாரியால் இத்தனை பேரின் குற்றத்தைத் தனித்தனியே இரண்டு மூன்று நாளில் எண்ணிப் பார்த்திருக்க முடியும்? மருத்துவமனையில் கிடந்தவன் உண்டா, மகப்பேற்று விடுப்பில் இருந்தவள் உண்டா, பேருந்து கிடைக்காமல் நின்றவன் உண்டா என்று பார்க்க யாருக்கு நேரம் இருந்திருக்கும்? முறையிடச் சென்றால் நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போ என்றது உயர்நீதிமன்றம். அத்தீர்ப்பாயத்தில் அப்போது இருந்ததோ ஒரே ஓர் உறுப்பினர்!

உச்சநீதிமன்றம் 2003 ஆகஸ்ட் 6இல் தீர்ப்பளித்தது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியர்க்கு அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, அறநெறி உரிமையோ கிடையாது என்று அது கூறிய கருத்தோடு நாம் உடன்படவில்லை. அது வேறு வழக்கு, வேறு நாள் பேசுவோம். ஆனால் அதே நீதிமன்றத்தில், மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதித் தந்தவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள அரசு இசைந்தது. எஞ்சிய சுமார் 6,000 பேரின் முறையீட்டைக் கேட்க ஓய்வுபெற்ற உயர்நீதிமன்ற நீதிபதிகள் மூவர் வேண்டியிருந்தனர். 2004 நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்தது, ஆட்சியின் குரல் இளகியது, நடவடிக்கைகள் கைவிடப்பட்டன. ஆயிற்றா? ஒழுங்கு பிறந்ததா? அலுவலகத்தில் லஞ்சம் ஒழிந்ததா? கோப்பு வேகமாக நகர்ந்ததா? அச்சம் பிறந்தது, பின் அதுவும் போயிற்று. 2019இல் ஜாக்டோ–ஜியோ போராட்டத்தின்போது மீண்டும் 17(ஆ) குறிப்பாணைகள். 2021இல் மீண்டும் கைவிடல். தேர்தல் காற்றுக்கு ஏறி இறங்கும் தண்டனையைத் தண்டனை என்று எவன் மதிப்பான்?

வாளை வீசுவது ஒரு பாவனை என்றால், வாளை உறைக்குள் போட்டு ஊறவைப்பது இன்னொரு பாவனை. திருத்தங்கல் குன்றின்மேல் இருக்கும் பெருமாளுக்கு நின்ற நாராயணன் என்று பெயர். அவர் நிற்கட்டும், நமக்கு வழக்கில்லை. கோப்பு நிற்கலாமா? தமிழ்நாடு வீட்டுவசதி வாரியத்தில் 1990இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேட்டுக்கு, ஒரு பொறியாளருக்கு 2000இல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. பத்தாண்டுத் தாமதத்துக்கு ஏற்கத்தக்க காரணம் இல்லை என்று 2005இல் உச்சநீதிமன்றம் அக்குறிப்பாணையையே நீக்கிவிட்டது. அவர் குற்றம் செய்தாரா, செய்யவில்லையா? இனி யாருக்கும் தெரியாது! குற்றவாளியாக இருந்திருந்தால் மக்கள் ஏமாந்தார்கள். குற்றமற்றவராக இருந்திருந்தால் ஒரு மனிதரின் நிம்மதி போயிற்று. இரண்டில் எது நடந்திருந்தாலும் தோற்றது நிர்வாகம்.

தமிழர் வியர்வை சிந்திய கோலார் தங்கவயலுக்குச் செல்வோம். அங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் நடுவண் அரசுக்குச் சொந்தமாக இருந்தது; 2001இல் மூடப்பட்டது. 1985இல் அதன் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் வீட்டில் தங்கம் கண்டெடுக்கப்பட்டதாகக் கூறி அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தனர். பிழைப்பூதியமும் தரவில்லை. கையில் காசின்றி அவரால் கேரளத்திலிருந்து விசாரணைக்கு வர இயலவில்லை. அவர் இல்லாமலே விசாரணை நடந்தது. 1986இல் வேலை போயிற்று. குற்றவியல் நீதிமன்றமோ 1987இல் அவரை விடுவித்தது. மீண்டும் பணியில் சேர்க்குமாறு உச்சநீதிமன்றம் ஆணையிட்டபோது ஆண்டு 1999! வாயைக் கட்டிவிட்டு, வயிற்றையும் கட்டிவிட்டு, “பேசு, உன் தரப்பைச் சொல்” என்பது விசாரணையா, விளையாட்டா? ஒரு மனிதனின் பதினான்கு ஆண்டுகளை எந்தக் கருவூலத்திலிருந்து எடுத்துத் திருப்பித் தருவார்கள்?

தமிழகத்தில் இதன் தம்பியும் உண்டு. முப்பதாண்டுகள் உழைத்தவனை ஓய்வுபெறும் நாளன்று, மாலை போடவிருந்த மாலைப்பொழுதில், தற்காலிகப் பணிநீக்கம் செய்யும் வழக்கம். அன்று காலை வரை தூங்கிய குற்றம் அன்று மாலை மட்டும் விழித்ததாம்! அவ்வழக்கம் தவிர்க்கப்படும் என்று 2021இல் சட்டமன்றத்திலேயே முதலமைச்சர் அறிவிக்க வேண்டி வந்ததென்றால், அது எவ்வளவு வேரூன்றியிருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்றாவது பாவனை நம் மாவட்டத்தாருக்கு நன்கு தெரிந்தது. “தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்!” இம்மிரட்டலைக் கேட்காத தமிழன் உண்டா? அந்தத் தண்ணியில்லாக் காடு என்று சென்னைக்காரர்கள் கைகாட்டியது எதை? பழைய இராமநாதபுரம் மாவட்டத்தை. 1985இல் பிரிக்கப்படும் வரை விருதுநகரும் சிவகாசியும் திருத்தங்கல்லும் அதற்குள்தான் இருந்தன. சென்னையில் கைநீட்டியவனை, செங்கல்பட்டில் சோம்பியவனை, நம்மிடம் அனுப்புவது அவனுக்குத் தண்டனையாம். அவனிடம் நாள்தோறும் மனுவோடு நிற்கும் நாம் என்ன குற்றம் செய்தோம்? கந்தகமும் அலுமினியத் தூளும் மலைபோல் குவிந்திருக்கும் வட்டாரத்துக்குக் கடமை தவறியவனை அனுப்புவது, தண்டனையா, வெடிமருந்தருகே வைக்கும் கொள்ளியா? குற்றம் இருந்தால் அதை மெய்ப்பித்துத் தண்டியுங்கள், இல்லையேல் விட்டுவிடுங்கள். ஊரைத் தண்டனைச் சாலை ஆக்காதீர்கள்.

“விதிகள், விசாரணைகள் எல்லாம் குற்றவாளி தப்பிக்கும் ஓட்டைகள்” என்பது எதிர்த்தரப்பின் இறுதி அம்பு. நாம் அதை மறுக்கிறோம், முற்றிலும் மறுக்கிறோம். குற்றவாளிக்கு மிகவும் பிடித்த அதிகாரி யார் தெரியுமா? அவசரக்காரன்! குற்றச்சாட்டைத் தெளிவாக எழுதாமல், ஆவணங்களைக் காட்டாமல், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய விடாமல், ஒரே வரியில் “நீக்கப்பட்டாய்” என்று எழுதும் அதிகாரி. அந்த ஆணை நீதிமன்ற வாசலிலே உதிர்ந்துவிடும் என்று கைதேர்ந்த குற்றவாளிக்குத் தெரியும். வென்று, நிலுவைச் சம்பளத்தோடு, மாலையும் மேளமுமாகத் திரும்புவான். முறையான விசாரணைதான் அவனுக்கு நடுக்கம். அரசியல் சட்டத்தின் 311ஆம் பிரிவு தண்டிக்காதே என்று சொல்லவில்லை; கேட்டுவிட்டுத் தண்டி என்கிறது. அப்படிக் கேட்டபின் விழும் அடிதான் நிலைக்கும்.

இந்தப் பாதுகாப்பை நம்மவர் எளிதாக உதறிவிடலாகாது. அரசு அலுவலகத்தின் படியிலே நம் பாட்டன்மார் கால் வைக்க முடிந்தது எப்படி? நீதிக்கட்சி ஆட்சி 1921இல் வகுப்புவாரி ஆணையைக் கொண்டுவந்தது. 1929இல் இந்தியாவிலேயே முதலாக மாகாணத் தேர்வாணையம் சென்னையில் அமைந்தது. தனியொருவரின் தயவால் வேலை என்ற நிலை போய், விதியால் வேலை என்ற நிலை வந்தது. புகும் வாசலுக்கு விதி வேண்டும் என்று போராடியவர்களின் பேரர்கள், வெளியேற்றும் வாசலைத் தயவுக்கும் கோபத்துக்கும் விட்டுவிடுவதா? குடும்பத்தின் முதல் பட்டதாரி, குடும்பத்தின் முதல் அரசு ஊழியன், ஓர் அதிகாரியின் முகச்சுளிப்பில் வெளியே தள்ளப்படுவானானால் இட ஒதுக்கீடு ஏட்டில் மட்டும்தானே நிற்கும்?

அந்த விதியின் நிழலும் எட்டாதவர் இன்று பெருகியுள்ளனர். ஒப்பந்ததாரரின் கீழ் நகரைத் துடைக்கும் தூய்மைப் பணியாளருக்கு 17(அ)வும் இல்லை, 17(ஆ)வும் இல்லை. “நாளையிலிருந்து வராதே” என்ற வாய்ச்சொல்லே குற்றப்பத்திரிகை, விசாரணை, தீர்ப்பு எல்லாம். வேலை மக்களுக்கான வேலை. பணம் மக்களின் வரிப்பணம். ஆனால் அவரைக் கேட்க மட்டும் நாதியில்லை. வார்த்திகனுக்குக் கதவு மூடிற்று. கோவலனுக்கு மூடவில்லை என்று சொன்னோமே, இன்றைய கோவலர்கள் இவர்கள்தாம். இவர்களிலே மிகப்பலர் எந்தச் சாதியார் என்பதையும் நாம் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமா?

ஆகவே நாம் கேட்பது இவை.

குற்றச்சாட்டு எழுத்தில், தெளிவாக, நாளும் இடமும் குறித்து இருக்கட்டும். குற்றம் சாட்டியவரே விசாரணை அலுவலராக அமர வேண்டாம். விசாரணைக்குக் கெடு இருக்கட்டும். கெடு தவறினால் தவறவிட்ட அதிகாரி பதில் சொல்லட்டும். குறிப்பாணை தராமலே தற்காலிகப் பணிநீக்கத்தை மூன்று மாதத்துக்கு மேல் நீட்டலாகாது என்று 2015இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அதை ஏட்டில் பூட்டி வைக்காமல் நடப்பில் காட்டட்டும். பிழைப்பூதியம் மாதந்தோறும் கைக்கு வரட்டும்.

தண்டனை குற்றத்தின் அளவுக்கு இருக்கட்டும். கண்டனம் உண்டு, ஊதிய உயர்வு நிறுத்தம் உண்டு, பதவி இறக்கம் உண்டு, கட்டாய ஓய்வு உண்டு, பணியறவும் உண்டு. இத்தனை படிகள் இருக்கையில், கொசுவுக்குப் பீரங்கியும் புலிக்குப் பிரம்பும் எதற்கு? பிந்தி வந்தவனைத் திருத்துங்கள்; குடியில் மூழ்கியவனுக்கு மருத்துவம் தந்து பாருங்கள்; ஆனால் ஆலையைப் பார்க்காமலே பார்த்ததாக எழுதிக் கையெழுத்திட்டவனை, விசாரித்து மெய்ப்பித்தபின், ஒரு கணமும் விட்டுவைக்காதீர்கள். அவனுக்கு இரக்கம் காட்டுவது அறைக்குள் அமர்ந்து மருந்து செலுத்தும் பெண்ணின் உயிருக்குக் காட்டும் துரோகம்.

ஏணியில் ஏறிப் போகட்டும் விசாரணை. கீழே கையெழுத்திட்டவனைக் கேட்கும்போதே, இட வைத்தவன் யார், தொலைபேசியில் சொன்னவன் யார், ஆய்வுக்கு ஆளே நியமிக்காமல் இடத்தைக் காலியாக வைத்தவன் யார் என்று கேட்கட்டும். பொய்க் குற்றம் புனைந்தவனுக்கும் தண்டனை இருக்கட்டும். தங்காலின் ஏவலர்களைப் போல் அவன் கதையிலிருந்து நழுவ வேண்டாம். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் எழுத்தில் குற்றச்சாட்டு, பதில் சொல்ல வாய்ப்பு, முறையிட ஓர் இடம் ஆகிய மூன்றும் கிடைக்கட்டும்.

திருக்குறள் செங்கோன்மைக்கு ஓர் அதிகாரம் தந்தது, கொடுங்கோன்மைக்கு அடுத்தது, வெருவந்த செய்யாமைக்கு அதற்கும் அடுத்தது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்த தமிழ் நெஞ்சம், ஆள்பவன் கையில் உறுதியும் வேண்டும், நிதானமும் வேண்டும் என்று அறிந்த நெஞ்சம். அதற்குக் கோயில் கதவும் வேண்டியதில்லை, அருள்வாக்கும் வேண்டியதில்லை.

தோழர்களே! அடுத்த முறை “தூக்கி எறி” என்ற குரல் எழும்போது, கூட்டத்தோடு சேர்ந்து கத்தாதீர்கள். கூச்சத்தோடு விலகியும் போகாதீர்கள். முன்னே வாருங்கள். குற்றம் என்ன என்று கேளுங்கள். சான்று எங்கே என்று கேளுங்கள். அவன் தரப்பைக் கேட்டீர்களா என்று கேளுங்கள். அவனுக்கு மேலே இருந்தவன் எங்கே என்று கேளுங்கள். நான்குக்கும் விடை வந்தால், தண்டனையைத் தாமதிக்காதே என்று நீங்களே முதற்குரல் எழுப்புங்கள்!

கதவு தானே மூடும், தானே திறக்கும் என்று காத்திருப்பது பக்தனின் வேலை. கதவைத் தட்டுவது நம் வேலை.